பால்வீதியின் வரைபடம்: எண்ணியது அன்று, அளப்பது இன்று

1780களில் இங்கிலாந்தின் டாட்செட் கிராமத்தில் வானம் தெளிந்த இரவுகளில் ஓர் அண்ணனும் தங்கையும் தூங்குவதில்லை. அண்ணன் வில்லியம் ஹெர்ஷல், 20 அடி நீளத் தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு, பார்த்ததை உரக்கச் சொல்வார். தங்கை கரோலின் ஜன்னலோரம் விளக்கடியில் உட்கார்ந்து அதை எழுதிக்கொள்வார். வானத்தின் 600-க்கும் மேற்பட்ட இடங்களில் எத்தனை விண்மீன்கள் தெரிகின்றன என்று ஹெர்ஷல் எண்ணினார். எண்ணிக்கை கூடினால் அந்தத் திசையில் பால்வீதி நீண்டு கிடக்கிறது, குறைந்தால் அதன் ஓரம் பக்கத்திலேயே இருக்கிறது என்பது அவர் போட்ட கணக்கு. 1785-இல் வெளிவந்த அவருடைய படத்தில் பால்வீதி தட்டையாக, ஓரமெல்லாம் பிசிறடித்து, ஒரு பக்கம் பிளந்து காணப்படுகிறது. சூரியன் ஏறத்தாழ நடுவில். சுருள் என்று எதுவும் இல்லை.

இன்றைய படத்தில் பால்வீதி ஒரு லட்சம் ஒளியாண்டு அகலமான வட்டு. நடுவில் நீளவாக்கில் ஒரு பட்டை, அதைச் சுற்றிச் சுருண்டோடும் கரங்கள். சூரியனின் இடம் மையத்திலிருந்து சுமார் 26,600 ஒளியாண்டு தள்ளி, ஓரியன் கரம் என்று பெயரிட்ட ஒரு நடுத்தரக் கரத்தில். தொலைநோக்கிகள் பெரிதானதால்தான் இந்த மாற்றம் வந்தது என்று நினைக்கத் தோன்றும். அது பாதி உண்மைதான். ஒரு விண்மீன் எந்தத் திசையில் இருக்கிறது என்பது ஹெர்ஷலுக்கே நன்றாகத் தெரியும். எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதுதான் தெரியாது. பால்வீதி வரைபடத்தின் கதை முழுக்க அந்தத் தூரத்தைப் பிடித்த கதை.

ஹெர்ஷலை ஏமாற்றியது தூசு. விண்மீன்களுக்கு இடையே மிதக்கும் தூசு பின்னாலிருக்கும் ஒளியை மறைத்துவிடும். அவர் ஓரம் என்று நினைத்தது பார்வை முட்டி நின்ற இடம். 1918-இல் வானியலாளர் ஹார்லோ ஷாப்லி, பால்வீதியைச் சூழ்ந்திருக்கும் உருண்டையான விண்மீன் கொத்துகளின் தூரங்களைக் கணக்கிட்டு, அவை கூடியிருக்கும் மையம் நம்மிடமிருந்து வெகு தொலைவில் இருப்பதைக் காட்டினார். அவர் சொன்ன தூரம் மிகை, ஆனால் சூரியனை நடுவிலிருந்து நகர்த்தியது சரி. 1930-இல் ராபர்ட் டிரம்ப்ளர் தூசு ஒளியை மங்கச் செய்வதை நிரூபித்தார். ஷாப்லியின் மிகைக்கும் ஒரு காரணம் அப்போது புரிந்தது.

சுருள் முதன்முதலாகப் பிடிபட்ட ஆண்டு 1951. அமெரிக்காவின் யெர்க்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் மார்கன், பிறந்த இடத்தை விட்டு அதிகம் நகராத, சூடான இளம் விண்மீன்களை மட்டும் தேர்ந்தெடுத்தார். பிற விண்மீன் மண்டலங்களில் கரங்களைக் காட்டிக்கொடுப்பவை இவைதான். அவற்றின் தூரங்களைப் படத்தில் புள்ளிகளாக இட்டபோது ஓரியன், பெர்சியஸ் என இரண்டு கரங்களின் துண்டுகள் தெரிந்தன, மூன்றாவதின் சாயலும் தெரிந்தது. பஞ்சு உருண்டைகளை வைத்துச் செய்த மாதிரியின் படத்தை அந்த டிசம்பரில் கிளீவ்லாந்தில் நடந்த வானியலாளர் கூட்டத்தில் காட்டினார். கூடியிருந்தவர்கள் கைதட்டியது போதாதென்று காலாலும் தரையைத் தட்டினார்கள்.

அதே ஆண்டு மார்ச் மாதம் ஹார்வர்டில் ஹரால்ட் யூவனும் எட்வர்ட் பர்செலும் ஹைட்ரஜன் வாயு அனுப்பும் 21 சென்டிமீட்டர் ரேடியோ அலையைப் பிடித்திருந்தார்கள். அவர்களுடைய கருவி, ஆய்வுக்கூட ஜன்னலுக்கு வெளியே நீட்டிய ஒரு பெரிய கொம்பு வடிவ ஆன்டெனா. மழை பெய்தால் அதன் வழியே தண்ணீர் உள்ளே வரும், மாணவர்கள் அதற்குள் பனியுருண்டைகளை எறிவார்கள். ஹைட்ரஜன் அனுப்பும் இந்த அலையைத் தூசு தடுப்பதில்லை. நெதர்லாந்தில் யான் ஊர்ட் குழுவினர், இரண்டாம் உலகப் போர் முடிந்து ஜெர்மானியர் விட்டுப்போன ரேடார் தட்டைக் கொண்டு சில வாரங்களில் அதே அலையைத் தாங்களும் பிடித்து உறுதிசெய்தார்கள். 1958-இல் நெதர்லாந்து, ஆஸ்திரேலிய அளவீடுகளைச் சேர்த்துப் பால்வீதி முழுவதற்கும் ஹைட்ரஜன் படம் வந்தது.

அந்தப் படத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. வாயு நகரும் வேகத்தை அளந்து, எல்லாம் மையத்தை ஒழுங்கான வட்டத்தில் சுற்றுகின்றன என்று வைத்துக்கொண்டு தூரத்தைக் கணக்கிட்டார்கள். வாயு அவ்வளவு ஒழுங்காகச் சுற்றுவதில்லை. பெர்சியஸ் கரம் எங்கே இருக்கிறது என்பதிலேயே வேகக் கணக்குக்கும் விண்மீன் ஒளிக் கணக்குக்கும் ஏறத்தாழ இரண்டு மடங்கு வித்தியாசம் இருந்தது.

இன்று தூரத்தை நேரடியாகவே அளக்கிறார்கள். கட்டைவிரலை நீட்டி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்தால் விரல் இடம் மாறுவதுபோல் தெரியும் அல்லவா? அதே முறைதான். இரண்டு கண்ணுக்குப் பதிலாக, பூமி சூரியனைச் சுற்றும் பாதையின் இரண்டு பக்கங்கள். ஹவாய் முதல் கரீபியத் தீவு வரை பரவிய 10 ரேடியோ தட்டுகளை ஒன்றாக இணைத்து, விண்மீன்கள் பிறக்கும் மேகங்களிலிருந்து வரும், மேசர் எனப்படும் கூர்மையான ரேடியோ ஒளிர்வைப் பார்க்கிறார்கள். ஒரு டிகிரியை 3,600 பங்காக்கி, அதில் ஒன்றை மீண்டும் ஒரு லட்சம் பங்காக்கினால் வரும் கோணம்தான் இவர்கள் எட்டும் நுட்பம். 2006-இல் பெர்சியஸ் கரத்திலுள்ள ஒரு மேகம் சுமார் 6,400 ஒளியாண்டு தூரத்தில் இருப்பது இப்படி உறுதியானது. வேகக் கணக்குதான் தோற்றது. 2017-இல் மையத்துக்கு மறுபுறம் 66,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள ஒரு மேகம்வரை அளந்தார்கள். 2019-இல் மார்க் ரீட் குழுவினர், ஜப்பானிய அளவீடுகளையும் சேர்த்து, இத்தகைய சுமார் 200 இடங்களைக் கொண்டு நான்கு பெருங்கரங்களை வரைந்தார்கள்.

ஐரோப்பாவின் கையா விண்கலம் 2014 முதல் 2025 வரை சுமார் 180 கோடி விண்மீன்களை அளந்தது. சூரியனுக்கு அருகில் 9,000 ஒளியாண்டு நீளத்துக்கு அலையலையாக ஓடும் வாயு மேகத் தொடர் ஒன்றிருப்பது 2020-இல் தெரியவந்ததும் அதன் தரவால்தான். ஆனால் கையா பார்த்தது சாதாரண ஒளியில். ஆகவே ஹெர்ஷலை மறித்த தூசு அதையும் மறித்தது.

பால்வீதிக்கு வெளியே நின்று எடுத்த புகைப்படம் ஒன்றுகூடக் கிடையாது. 1977-இல் கிளம்பிய வாயேஜர் 1 இன்னும் ஏறத்தாழ ஓர் ஒளிநாள் தூரத்தில்தான் இருக்கிறது. பாடப்புத்தகத்திலும் இணையத்திலும் காணும் அந்த அழகிய சுருள், அளவீடுகளை வைத்துத் தீட்டிய ஓவியம். அதில் சூரியனுக்கு அருகிலுள்ள கரங்களை நம்பலாம். மையத்துக்கு அப்பால் உள்ளவை இனியும் மாறக்கூடியவை.