நிலை தடுமாறும் நேரம் – 9: பாஞ்சோவின் எடை

சென்ற வாரம் மூச்சுப் பயிற்சியோடு நிறுத்தினோம். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடியுங்கள். இந்த வாரம் தூக்கம் என்று அறிவித்திருந்தேன். குறிப்புகளும் தயாராகத்தான் இருந்தன. ஆனால் துருவப் பயணத் தலைவர் ஷாக்கில்டன் குறுக்கே வந்துவிட்டார்.

1915 அக்டோபர் 27. அண்டார்டிகாவை ஒட்டிய வெட்டெல் கடலில், ஜனவரியிலிருந்து பனியில் சிக்கிக் கிடந்த அவருடைய ‘எண்டியூரன்ஸ்’ கப்பல் நொறுங்கிக்கொண்டிருந்தது. 28 பேரும் பனிப்பரப்பில் இறங்கினார்கள். சொந்தச் சாமான் ஆளுக்கு 2 பவுண்டுக்கு மேல் கூடாது என்று உத்தரவு. ஒரு கிலோகூட இல்லை! முன்மாதிரியாக ஷாக்கில்டனே தன் தங்கக் காசுகளை வீசியெறிந்தார். ராணி அலெக்ஸாண்ட்ரா கொடுத்த பைபிளில் சில பக்கங்களை மட்டும் கிழித்துக்கொண்டு மீதியைப் பனியில் வைத்தார். (விட்டுப் போனால் கெட்டது நடக்கும் என்று பயந்து, ஒரு மாலுமி அதை யாருக்கும் தெரியாமல் எடுத்து வைத்துக்கொண்டது தனிக் கதை.)

ஆனால் வானிலை ஆய்வாளர் ஹஸ்ஸியின் பாஞ்சோ மட்டும் வந்தே ஆக வேண்டும் என்றார் ஷாக்கில்டன். அதன் எடை 12 பவுண்டு. தங்கம் வேண்டாம், ஐந்தரைக் கிலோ தந்தி வாத்தியம் வேண்டும்! மனத்துக்கு அது மருந்து என்பது அவர் கணக்கு. இந்த ஒரு தகவலைப் படித்துவிட்டு, மேற்கொண்டு வேலை ஓடவில்லை எனக்கு.

நாம் இதற்கு நேர்மாறு. வேலை போய்விட்டது, வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் என்றால் முதலில் நிற்பது சாயங்கால நடையும் ஞாயிற்றுக்கிழமை கேரமும்தான். ‘அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்’ என்போம். எது நம்மை நிமிர்த்தி வைத்திருக்கிறதோ அதைத்தான் முதலில் இறக்கி வைக்கிறோம்.

பனிமேல் எல்லாரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரு நாள் குழுவில் கிரீன்ஸ்ட்ரீட் என்பவர் தன் பங்குப் பாலைக் கொட்டிவிட்டார். பால் பவுடரைக் கரைத்த பால்தான். ஆனால் அங்கே அது பெரிய சொத்து. உன்னால்தான் கொட்டியது என்று பக்கத்திலிருந்த கிளார்க் என்பவர் மீது பாய்ந்தார். கத்தி முடித்ததும் காலிக் குவளையோடு அழுகிற நிலையில் நின்றார். கிளார்க் ஒன்றும் பேசவில்லை. தன் பாலில் கொஞ்சத்தை அந்தக் குவளையில் ஊற்றினார். அடுத்தவர் ஊற்றினார். கூடாரத்திலிருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக ஊற்றினார்கள். வசவு வாங்கியவர் முதலில் ஊற்றினார் என்பதைக் கவனியுங்கள்.

பிறகு பனியிலிருந்து படகுகளில் எலிஃபன்ட் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். உதவி தேடி ஷாக்கில்டன் ஐந்து பேரோடு படகில் போய்விட, 22 பேர் கவிழ்த்த இரண்டு படகுகளுக்கு அடியில் நாலு மாதத்துக்கு மேல் குடியிருந்தார்கள். ஒருவருக்குக் கால் விரல்களை வெட்டியெடுக்க வேண்டியிருந்தது. அதுவும் அந்தப் படகுக்கூரையின் அடியில்தான். பொறுப்பிலிருந்த ஃபிராங்க் வைல்ட், ‘தலைவர் இன்றைக்கு வந்தாலும் வருவார்’ என்ற ரீதியில் சொல்லித் தினமும் படுக்கைகளைச் சுருட்ட வைத்தார். சனிக்கிழமை இரவில் பாஞ்சோ கச்சேரி. 1916 ஆகஸ்ட் 30 அன்று தலைவர் வந்தேவிட்டார். 22 பேரும் உயிரோடு இருந்தார்கள்.

இவர்களில் மார்ஸ்டன் என்ற ஓவியர் ஒரு மலிவுவிலைச் சமையல் புத்தகத்தைக் கூடவே வைத்திருந்தார். சீல் கறியும் பெங்குவின் கறியும் தின்று சலித்தவர்கள் அதன் செய்முறைகளைக் கேட்டுச் சப்புக்கொட்டி, எந்தப் புட்டிங்கில் என்ன சேர்ப்பது என்று விவாதித்திருக்கிறார்கள். அதை எழுதத் தொடங்கினால் இன்னும் ஒரு பக்கம் கேட்பேன். ஆசிரியர் ஏற்கெனவே இரண்டு முறை போன் செய்துவிட்டார்.

தூக்கம், அடுத்த வாரம். சமையல் புத்தகம் குறுக்கே வராவிட்டால்.