ராத்திரியில் அடிக்கடி எழுந்து போகிறாரா உங்கள் வீட்டுப் பெரியவர்? உப்பு ஜாடியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்!

கோவை மாவட்டம் சோமனூரில் விசைத்தறிச் சத்தம் ராத்திரியிலும் ஓய்வதில்லை. அந்தச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்து, அதிலேயே அசந்து தூங்கிப் பழகியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். ஆனால் அறுபதைத் தாண்டியதும் பலருக்கும் தூக்கம் கலைகிறது. பதினோரு மணிக்கு ஒருமுறை, ஒரு மணிக்கு ஒருமுறை, மூன்று மணிக்கு ஒருமுறை எனச் சிறுநீர் கழிக்க எழுந்து போகிறார்கள். 'வயசானா அப்படித்தான்' என்று வீட்டிலும் விட்டுவிடுகிறார்கள்.

மருத்துவத்தில் இதற்கு 'நாக்டூரியா' என்று பெயர். வயதானவர்கள் இரவில் ஒருமுறை எழுவது சகஜம். இரண்டு, மூன்று முறைக்கு மேல் போனால் காரணத்தைத் தேட வேண்டும். ஏனென்றால், இதில் தூக்கம் கெடுவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. தூக்கக் கலக்கத்தில், இருட்டில், வாசலுக்கு வெளியே இருக்கும் கழிப்பறைக்கு நடந்து போகும்போது கால் இடறினால் இடுப்பு எலும்பு முறியலாம். நேற்றுவரை தானாக நடமாடிய ஒருவரை அது படுக்கையில் கிடத்திவிடும்.

நின்றே வேலை செய்த கால்கள்

தறிக்குடோனில் உட்கார்ந்து பார்க்கும் வேலை குறைவு. அறுந்த இழையை முடிவது, தார் மாற்றுவது என ஷிஃப்ட் முழுக்க நின்றும் நடந்தும்தான் ஓட்ட வேண்டும். வயதான காலத்தில் இப்படி நீண்ட நேரம் நின்றால் கால்களில் நீர் தேங்கும். படுத்ததும் அந்த நீர் மீண்டும் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகிறது. பகலில் வெளியேற வேண்டியது ராத்திரியில் வெளியேறுகிறது. இளமையில் இரவு நேரச் சிறுநீரைக் குறைத்துவைக்கும் ஹார்மோனும் வயதானால் குறைந்துவிடும்.

இதற்கு எளிய வழி, சாயங்காலம் ஒரு மணி நேரம் காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துப் படுப்பது. தேங்கிய நீர் தூங்கப்போகும் முன்பே வெளியேறிவிடும்.

உப்பைக் குறைத்தால் தூக்கம் வரும்

உடம்பில் உப்பு கூடினால் தண்ணீரும் கூடவே தங்கும். ஜப்பானின் நாகசாகி பல்கலைக்கழக மருத்துவர்கள், உப்பு அதிகம் சாப்பிட்டுத் தூக்கம் கெட்டவர்களிடம் ஓர் ஆய்வு செய்து, 2017-ல் லண்டனில் நடந்த மருத்துவ மாநாட்டில் வெளியிட்டார்கள். ஒரு நாள் உப்பை 10.7 கிராமிலிருந்து 8 கிராமாகக் குறைத்த 223 பேருக்கு, இரவில் எழுவது சராசரியாக 2.3 தடவையிலிருந்து 1.4 ஆகக் குறைந்தது. உப்பு கூடிப்போன 98 பேருக்கு அதுவே 2.7 ஆக உயர்ந்தது.

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது சுமார் ஒரு டீஸ்பூன் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வீட்டில் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, பேக்கரி மிக்சர் ஆகியவற்றிலேயே பாதி போய்விடும். இந்துப்புக்கு மாறினால் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அதிலும் இருப்பது பெரும்பாலும் அதே சோடியம்தான். 'குறைந்த சோடியம்' என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் இருப்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

தண்ணீரை நிறுத்தாதீர்கள்

கழிப்பறைக்குப் போகப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு. தார் சுற்றும் பெண்களுக்கு இந்தப் பழக்கம் அதிகம் வரக் காரணம், வேலை செய்யும் இடத்தில் வசதியான கழிப்பறை இல்லாததுதான். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகி எரிச்சலைக் கிளப்பும், தொற்றும் வரலாம். எனவே காலையிலிருந்து மாலை வரை தேவையான அளவு குடியுங்கள். தூங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு நிறுத்திக்கொள்ளுங்கள். இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் டாக்டர் சொன்ன அளவைப் பின்பற்ற வேண்டும்.

ஷிஃப்ட் தவறாமல் டீ குடித்துப் பழகியவர்கள், மாலை நான்கு மணிக்குமேல் அதைத் தவிர்க்கலாம். டீ, காபியில் உள்ள கஃபீன் சிறுநீர்ப்பையைத் தூண்டும். மதுவும் அப்படித்தான். இரவில் கூழ், ரசம், தர்பூசணி என நீர்ப்பதமாகச் சாப்பிடுவதை மதியத்துக்கு மாற்றிவிடலாம். கொள்ளு, பச்சைப்பயறு, கீரை போன்ற நார்ச்சத்துள்ள உணவு மலச்சிக்கலைத் தடுக்கும். மலச்சிக்கல் இருந்தால் குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும் என்பதால் இதுவும் முக்கியம்.

எப்போது டாக்டர்?

சாப்பாட்டை மாற்றியும் குறையவில்லை என்றால் சர்க்கரை நோய், ஆண்களுக்கு புராஸ்டேட் வீக்கம், இதயப் பலவீனம், குறட்டையோடு மூச்சு தடைபடுவது ஆகிய ஏதேனும் காரணமாக இருக்கலாம். சிறுநீரில் ரத்தம், எரிச்சல், சிறுநீர் அடைப்பு, கால் வீக்கத்தோடு மூச்சுத்திணறல் என்றால் தாமதிக்கவே கூடாது. ரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகள் சிறுநீரைக் கூட்டும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல், எந்த நேரத்தில் சாப்பிடலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

போகும் முன் மூன்று நாளைக்கு, எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தார், எவ்வளவு சிறுநீர் போனது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அளக்க ஒரு பழைய பிளாஸ்டிக் கப் போதும். 65 வயதைத் தாண்டியவருக்கு ஒரு நாள் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராத்திரியில் போனால், அது டாக்டருக்கு முக்கியமான தடயம்.

வெட்கப்பட்டு இதை வெளியே சொல்லாத பெரியவர்கள்தான் அதிகம். அதனால் வீட்டில் இருப்பவர்களே கேட்க வேண்டும். அதுவரை, இன்றைக்கே கட்டிலிலிருந்து கழிப்பறை வரை ஒரு சின்ன எல்.இ.டி பல்பு போட்டு, வழியில் கிடக்கும் மிதியடியை எடுத்துவிடுங்கள்.