வீடும் அல்ல, விடுதியும் அல்ல!

புது தில்லி: தலைநகரின் எய்ம்ஸ் மருத்துவமனையைச் சுற்றியுள்ள கௌதம் நகர், கிரீன் பார்க் பகுதிகளில் மாலை வேளையில் நடந்தால், கையில் மருத்துவக் கோப்புடனும் தோளில் பையுடனும் தங்குமிடம் தேடும் குடும்பங்களைக் காணலாம். அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் வரை, பின்னர் மறுபரிசோதனை முடியும் வரை என வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியவர்கள் இவர்கள். தர்மசாலைகளில் இடம் கிடைப்பது அரிது; நட்சத்திர விடுதியோ கட்டுப்படியாகாது. எனவே 'சர்வீஸ் அபார்ட்மென்ட்' எனப்படும் அடுக்ககங்களை நாடுகின்றனர்.

படுக்கையறையுடன் சமையலறை, எரிவாயு அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் ஆகியவை அங்கு உண்டு. அறையைத் துப்புரவு செய்ய ஆள் வருவார். நோயாளிக்கு உப்புக் குறைத்துக் கஞ்சி வைத்துக் கொடுக்க வேறு எந்த விடுதியில் முடியும்? உச்ச நீதிமன்ற வழக்குகளுக்காக வருவோரும், குருகிராம், நொய்டா நிறுவனங்களுக்குப் பணி நிமித்தம் வருவோரும், சிகிச்சைக்கு வரும் வெளிநாட்டினரும் இவற்றையே விரும்புவதில் வியப்பில்லை.

ஆனால், சட்டத்தின் பார்வையில் இந்த இடம் எது என்ற கேள்விக்குத்தான் தெளிவான விடையில்லை. ஒரே அடுக்ககத்தை ஒரு குடும்பம் குடியிருக்க மாத வாடகைக்கு எடுத்தால் ஜிஎஸ்டி இல்லை. அதையே விடுதி அறை போல நாள் வாடகைக்கு விட்டால் வரி உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு ரூ.7,500 வரையிலான கட்டணத்துக்கு 5 சதவீதமும், அதற்கு மேல் 18 சதவீதமும் விதிக்கப்படுகிறது. வரித் துறைக்கு விடுதியாகத் தெரிவது, அண்டை வீட்டாருக்கும் ஆவணங்களுக்கும் வீடாகவே தெரிகிறது.

மத்திய சுற்றுலா அமைச்சகம் 'அபார்ட்மென்ட் ஹோட்டல்' என்றொரு வகையை வகுத்து நட்சத்திரத் தகுதி வழங்குகிறது. அது கட்டாயமன்று, விரும்பினால் விண்ணப்பிக்கலாம். காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளை எதிர்நோக்கி 2007-இல் தில்லியில் இயற்றப்பட்ட 'படுக்கையும் காலை உணவும்' சட்டமோ, உரிமையாளர் அதே வீட்டில் குடியிருப்பதை அடிப்படையாகக் கொண்டது. உரிமையாளர் எங்கோ இருக்க, சாவி மட்டும் கைமாறும் அடுக்ககங்களுக்கு அது பொருந்தாது. குடியிருப்புப் பகுதிகளில் வணிகம் நடத்தியோருக்கு எதிராக உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2006-இல் 'சீல்' வைக்கப்பட்டதும், மறு ஆண்டே புதிய பெருந்திட்டம் நிபந்தனைகளுடன் விருந்தினர் இல்லங்களை அனுமதித்ததும் தலைநகர மக்கள் மறக்காதவை.

இது வெறும் காகிதச் சிக்கல் அல்ல. 2019 பிப்ரவரி 12-ஆம் தேதி கரோல் பாக் விடுதி ஒன்றில் அதிகாலையில் மூண்ட தீ 17 உயிர்களைப் பறித்தது. பெயர்ப் பலகை மாட்டி, விடுதி என்றே அறியப்பட்டு இயங்கிய கட்டடத்திலேயே இந்த நிலை என்றால், பெயர்ப் பலகையே இல்லாத மூன்றாம் மாடி அடுக்ககத்தில் அவசர வழியைச் சோதிப்பவர் யார்?

விடுதிகளுக்கும் விருந்தினர் இல்லங்களுக்கும் உரிமம் வழங்கும் அதிகாரம் 2025 ஜூனில் தில்லி காவல் துறையிடமிருந்து அகற்றப்பட்டு, உள்ளாட்சி அமைப்புகளிடமும் தொடர்புடைய துறைகளிடமும் ஒப்படைக்கப்பட்டது. தொழில் நடத்துவோரின் அலைச்சல் குறையும் என்பது நல்லதே. அதிகாரம் கைமாறியதைப் போலப் பொறுப்பும் கைமாறியதா என்பதே கேள்வி. நொய்டா உத்தரப் பிரதேசத்திலும் குருகிராம் ஹரியாணாவிலும் இருப்பதால், ஒரே பெருநகரப் பரப்பில் மூன்று நிர்வாகங்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தெளிவான விதிகள் வரும் வரை, தங்க வருவோர்தாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். முன்பணம் தருமுன் ரசீது கேட்பதும், மாற்றுப் படிக்கட்டு உண்டா, சன்னல் கம்பிகள் திறக்குமா என்று பார்ப்பதும் அவசியம். ஆனால், நோயாளியைத் தோளில் தாங்கி வருபவரிடம் கட்டட ஆய்வாளரின் வேலையையும் சுமத்துவது நியாயமா? நாள் வாடகையில் வரி பெறும் அரசுக்கு, அங்கே உறங்குவோரின் உயிருக்கும் பொறுப்பு உண்டு.