மெழுகு காக்கும் முட்டைச் சித்திரம்

கோழிப்பண்ணைகளுக்குப் பெயர்பெற்ற நாமக்கல் வட்டாரத்திலும் அதையடுத்த எடப்பாடிப் பகுதியிலும் முட்டை என்பது சமையலுக்கும், எப்போதாவது திருஷ்டி கழிப்பதற்கும் உரிய பொருள். உக்ரைனிலோ அது ஈஸ்டர் எனப்படும் உயிர்த்தெழுதல் பெருவிழாவை ஒட்டி ஓவியம் தாங்கும் பொருளாகிறது. பீசங்கா எனப்படும் இம்முட்டையில் தூரிகையால் வண்ணம் தீட்டுவதில்லை. சிறு உலோகக் குழல் பொருத்திய கோலில் தேன்மெழுகை உருக்கி, வேகவைக்காத முட்டையின் ஓட்டில் கோடுகளை இழுத்து, முதலில் மஞ்சள், பிறகு சிவப்பு, இறுதியில் கறுப்பு என வெளிர்நிறத்திலிருந்து அடர்நிறத்துக்குச் சாயத்தில் தோய்க்கின்றனர். மெழுகு மூடிய இடத்தில் அடுத்த சாயம் ஏறாது என்பதால், பாத்திக் துணியில் நிகழ்வதைப் போலவே, ஒவ்வொரு நிறமும் அடியில் காக்கப்படுகிறது. கடைசியில் மெழுகுவர்த்திச் சுடரருகே காட்டி மெழுகைத் துடைத்தெடுக்கும்போதுதான் முழுச் சித்திரமும் வெளிப்படும்.

கதிரவன், கோதுமைக்கதிர், மான், முடிவின்றிச் சுற்றிவரும் அலைக்கோடு ஆகியவை ஒளி, விளைச்சல், வலிமை, நித்தியம் ஆகியவற்றைக் குறிப்பதாக விளக்கப்படுகின்றன. வட்டாரந்தோறும் பொருள் மாறுவதால் இவற்றை அகராதிபோல் படிப்பது பொருந்தாது. கார்பாத்திய மலைவாழ் ஹுத்சூல் மக்களோ, சங்கிலியில் கட்டுண்ட தீய சக்தி ஒன்று, முட்டைகளில் சித்திரம் தொடர்ந்து எழுதப்பட்டுவரும் காலம்வரை விடுபடாது என நம்பினர்.

சோவியத் ஆட்சி சமய வழக்கங்களை ஒடுக்கிய காலத்திலும், கனடாவில் குடியேறிய உக்ரைனியர் இக்கலையைப் பேணினர். அங்குள்ள வெக்ரெவில் நகரில் 1975-இல் மாபெரும் உலோகப் பீசங்கா நிறுவப்பட்டது. 2024-இல் யுனெஸ்கோவும் இக்கலையை மானுடத்தின் புலப்படாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.