கட்சிக்காரர் வரும் வழி

ஜில்லா கோர்ட் இருந்த ஊர்களில் வக்கீலுக்கு விளம்பரம் என்று தனியாக ஒன்று தேவைப்பட்டதில்லை. கிரிமினலில் யார் கெட்டி, பாகப்பிரிவினையில் யார் பழம் தின்று கொட்டை போட்டவர், யார் ஃபீஸை வாங்கிக்கொண்டு வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்குகிறவர் என்பதெல்லாம் கோர்ட் வாசல் டீக்கடைக்கே தெரியும். கிராமத்தில் பஸ் ஏறும்போதே யாரிடம் போவது என்று கட்சிக்காரர் முடிவு செய்திருப்பார். வக்கீல் வீட்டு வாசலில் ஒரு பலகை. அதில் பெயர், பட்டம், அவ்வளவுதான்.

இந்திய பார் கவுன்சிலின் 1975-ஆம் ஆண்டு விதிகள் அந்த உலகத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. 36-ஆம் விதியின்படி வழக்கு தேடி அலையக் கூடாது. சுற்றறிக்கை, தரகர் எதுவும் கூடாது. தான் நடத்தும் வழக்கைப் பற்றிப் பத்திரிகைக்குக் கருத்துச் சொல்வதும் படம் போட வைப்பதும் கூடாது. பெயர்ப்பலகைகூட நியாயமான அளவில்தான் இருக்க வேண்டும்.

அன்றைக்கு எல்லாரும் உத்தமர்கள் என்றில்லை. கோர்ட் தரகர்களின் பெயரைப் பட்டியல் போட்டு வெளியிட வெள்ளைக்காரன் காலத்திலேயே சட்டம் இருந்தது. பம்பாய் மாஜிஸ்திரேட் கோர்ட் வாசலில் வக்கீல்கள் கட்சிக்காரர்களை மொய்த்துக்கொண்டு வழக்கைப் பறித்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1975-இல் தபோல்கர் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் அவர்களை வறுத்தெடுத்தார். ஆனால் அந்த அத்துமீறல் பட்டப்பகலில், பத்துப் பேர் பார்க்க நடந்தது. செய்தவர் யாரென்று ஊருக்குத் தெரியும்.

இன்று கட்சிக்காரர் நள்ளிரவில் கைப்பேசியில் 'விவாகரத்து வக்கீல்' என்று தேடுகிறார். எண்ணைப் பதிந்ததும் நாலைந்து அலுவலகங்களிலிருந்து அழைப்பு வருகிறது. பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திர மதிப்பீடு வேறு, ஹோட்டல் தோசைக்குப் போடுவதுபோல. 2008-இல் பார் கவுன்சில் சற்று இறங்கிவந்து வக்கீல்கள் இணையதளம் வைத்துக்கொள்ள அனுமதித்தது. பெயர், முகவரி, தொலைபேசி எண், பதிவு எண், படிப்பு, எந்தத் துறை என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 2024 ஜூலை 3-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு குவிக்கர், சுலேகா, ஜஸ்ட்டயல் போன்ற தளங்களில் வக்கீல்கள் தங்களை விற்பதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கச் சொன்னது. வக்கீல் தொழில் சேவை, வியாபாரம் அல்ல என்பது தீர்ப்பின் சாரம்.

இதே அமர்வு அதற்கு மூன்று வாரம் முன்பு இன்னொரு உத்தரவும் போட்டிருந்தது. ஜூனியர்களிடம் வேலை வாங்கிவிட்டுச் சம்பளம் தராமல் இருப்பது சுரண்டல். சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகையாகக் கொடுக்க வேண்டும் என்றது. இரண்டு உத்தரவுகளையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. அந்தக் காலத்து ஜூனியர் சீனியர் வீட்டில் காபி குடித்துக்கொண்டு குருகுலவாசம் செய்தார். வீட்டில் நிலபுலன் இருந்தது, அல்லது அப்பாவே வக்கீல். இன்று குடும்பத்திலேயே முதன்முதலாகக் கறுப்புக் கோட்டு போடுகிற பெண்ணுக்கு அறை வாடகையே பெரும்பாடு. அவர் பெயரை டீக்கடை சொல்லாது. இணையத்தில் ஒரு விளம்பரம் போட்டால் விதி அவரைப் பிடிக்கிறது. உயர் நீதிமன்ற வாசலில் வெள்ளைப் பட்டையோடு மைக் முன்னால் நின்று தன் வழக்கை விளக்கும் பிரபலத்தை அதே விதி கண்டுகொள்வதில்லை. இத்தனைக்கும் விதியில் பத்திரிகைப் பேட்டியைப் பற்றி எழுதியே இருக்கிறது!

விபத்து வழக்குகளில் நஷ்ட ஈட்டில் பங்கு பேசுவது அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. 20-ஆம் விதி அதைத் தடுத்தும் பயனில்லை. மருத்துவமனைப் படுக்கையருகே வக்காலத்தில் கையெழுத்து வாங்குகிற பழக்கமும் போகவில்லை. மாறியது பணம் போகும் பாதைதான். தொகையை நேராகக் கட்சிக்காரரின் வங்கிக் கணக்கில் போடும் முறைக்கு 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே வழிகாட்டியது.

முன்பெல்லாம் முன்தீர்ப்பு ஒன்றைக் காட்ட வேண்டுமென்றால் மெட்ராஸ் லா ஜர்னல் தொகுதிகளை ஏணி போட்டு இறக்க வேண்டும். பக்கத்தைத் திறந்துவைத்துத்தான் வாதாடுவார்கள். இல்லாத தீர்ப்பை இருப்பதாகக் காட்ட வழியே இல்லை. 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் சாட்ஜிபிடி கற்பனை செய்துகொடுத்த வழக்குகளை மனுவில் எழுதி 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். நமக்கும் அது தூரத்துச் சங்கதி அல்ல. 2024 டிசம்பரில் பெங்களூருவின் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வழங்கிய உத்தரவு ஒன்றில் இல்லாத தீர்ப்புகள் மேற்கோளாக வந்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் பெயரிலும் ஒன்று. உத்தரவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நேரமில்லை என்பது இதற்குச் சாக்காக முடியாது. மேற்கோளை எடுத்துப் படித்துப் பார்க்க அரைமணி நேரம் போதும்.

ரகசியம் காப்பதில் சட்டம் வலுவாகவே இருக்கிறது. கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியில் சொல்லக் கூடாது என்ற 1872 சாட்சியச் சட்டத்தின் ஏற்பாடு அதற்குப் பதிலாக வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 132-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. 2025-இல் சென்னையின் மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தாதர் உள்ளிட்டோருக்கு அவர்கள் கொடுத்த சட்ட ஆலோசனைக்காக அமலாக்கத்துறை சம்மன் அனுப்பியபோது பார் கொதித்தது. சம்மன் திரும்பப் பெறப்பட்டது. விதிவிலக்குகளுக்குள் வராமல் வக்கீலைக் கூப்பிடக் கூடாது என்று அக்டோபர் 31-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வெளியிலிருந்து வந்த கைக்கு இப்படிக் கதவடைத்தாயிற்று. உள்ளேயிருந்து போவதற்கு? அன்று கேஸ் கட்டு குமாஸ்தாவின் அலமாரியில் இருந்தது. அவர் வாயையும் சட்டம் கட்டியிருந்தது. 132-ஆம் பிரிவு இன்றும் குமாஸ்தாவையும் மொழிபெயர்ப்பாளரையும் ஊழியரையும் சேர்த்தே சொல்கிறது. சுருக்கம் எழுத நேரமில்லாத ஜூனியர் கட்சிக்காரரின் வாக்குமூலத்தை முழுசாக ஏற்றுகிற சாட்ஜிபிடி போன்ற செயலி இந்த மூவரில் யார் என்று எந்த விதியும் இன்னும் சொல்லவில்லை. கட்சிக்காரரைக் கேட்டுவிட்டுத்தான் ஏற்றுகிறார்களா என்றால், நான் பேசிப் பார்த்த வக்கீல்களில் பலர் சிரித்தார்கள்.