அன்று கேஸ், இன்று கோட்

எண்பதுகளில் பாரிசில் வந்திறங்கிய ஈழத்தமிழரிடம் "என்ன தொழில் தெரியும்?" என்று யாரும் கேட்டதில்லை. "ஊரில் என்ன நடந்தது?" என்றுதான் கேட்டார்கள். 83 யூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள் கொண்டுவந்தது ஒரு கதையை. அதை அகதி விண்ணப்பங்களைத் தீர்மானிக்கும் ஒப்ரா அலுவலகத்துக்கு எழுதிக்கொடுத்தால் அது "கேஸ்". ஆமி எப்போது வீட்டுக்கு வந்தது, யாரைப் பிடித்தது, எந்த முகாமில் வைத்திருந்தது, திகதி ஒன்று பிசகினால் என்ன ஆகும் என்பதெல்லாம் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் தேத்தண்ணீரோடு பேசப்பட்ட விசயங்கள். பள்ளிக்கூட வாத்தியாருக்கும் கடலுக்குப் போனவருக்கும் ஏ.எல். எழுதிவிட்டு வந்த பொடியனுக்கும் ஒரே படிவம்தான். கேஸ் ஏற்றுக்கொள்ளப்பட்டால் பத்து வருட விசா. பிறகு நீங்கள் கோப்பை கழுவினாலும் கொம்பியூட்டர் திருத்தினாலும் அரசாங்கத்துக்குக் கவலையில்லை.

1991 செப்டெம்பர் வரை தஞ்சம் கேட்டவர்களுக்கு வேலை செய்யும் அனுமதியும் கூடவே கிடைத்தது. அந்த மாதத்துச் சுற்றறிக்கை ஒன்று அதை நிறுத்தியது. அதற்குப் பின் வந்தவர்களில் பலர் றெஸ்ரோறண்டுகளின் நிலவறைக் குசினிகளில் களவாக நின்றார்கள், சிலர் இன்னொருவரின் விசா அட்டையில். சம்பளச் சீட்டில் வேறு யாருடையதோ பெயர். தொழில் என்ற கட்டத்தில் முதலாளிக்குத் தோன்றிய ஏதோ ஒன்று. அதைப் படித்துப் பார்க்க யாருக்கு நேரம் இருந்தது?

வேலையைக் காட்டி விசா எடுக்கும் கதவை பிரான்ஸ் 1974 யூலையிலேயே சாத்திவிட்டிருந்தது. 2008 யனவரியில் அதைக் கொஞ்சம் திறந்து, ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கென்று 30 தொழில்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. கட்டடவேலை மேற்பார்வையாளர், கணினி வல்லுநர் என்று போனது அது. பாரிசின் குசினிகளில் உண்மையில் நின்றவர்களுக்கு அதில் இடமில்லை. அதே ஆண்டு ஏப்ரல் 15இல், தொழிற்சங்கமான சே.ஜே.தே.யின் துணையோடு, விசா இல்லாத தொழிலாளர்கள் தாங்கள் வேலை செய்த இடங்களிலேயே குந்தியிருந்து வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். முன்னுக்கு நின்றவர்கள் பெரும்பாலும் மாலி நாட்டவர். 2011இல் அந்தப் பட்டியல் 14 தொழில்களாகச் சுருங்கியது. 2012 நவம்பரில் வந்த, உள்துறை அமைச்சர் வால்சின் சுற்றறிக்கை ஐந்து வருட இருப்பையும் சம்பளச் சீட்டுகளையும் பார்த்தது. ஆனால் முதலாளி படிவத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். முதலாளி முகம் திருப்பினால் அதோடு சரி.

இன்று கார் து நோரில் ஆர்.ஈ.ஆர். டி ரயிலில் ஏறி பியர்பித்–ஸ்தேனில் இறங்குகிற பொடியனிடம் கேட்டுப்பாருங்கள். கேஸ் இரண்டு தரம் நிராகரிக்கப்பட்டிருக்கும். அவன் விசாரிப்பது வேறு: "அண்ணை, என்ர வேலை லிஸ்டில இருக்கோ?"

2024 யனவரி 26ஆம் திகதிக் குடிவரவுச் சட்டம் கொண்டுவந்த மாற்றம் இது. ஆள் தட்டுப்பாடுள்ள தொழிலில் கடைசி 24 மாதத்தில் 12 மாதமாவது வேலை செய்திருக்கவேண்டும், பிரான்சில் மூன்று வருடம் தொடர்ந்து இருந்திருக்கவேண்டும். அப்படியானால் முதலாளியின் கையெழுத்து இல்லாமல் தொழிலாளியே விண்ணப்பிக்கலாம். முன்னர் இருந்த 2021ஆம் ஆண்டுப் பட்டியலில் சமையல்காரரைத் தேடினால் கிடைக்கமாட்டார். 2025 மே மாதப் புதிய பட்டியலில், பாரிசையும் ஸ்தேனையும் உள்ளடக்கிய இல்-து-பிரான்ஸ் பகுதிக்கு, சமையல்காரரும் குசினி உதவியாளரும் சேர்ந்தார்கள். நம்மவர்கள் நாற்பது வருடமாக நிற்கிற இடம் பட்டியலில் ஏற இத்தனை காலம் எடுத்தது.

இங்கேதான் கோட் வருகிறது. பிரான்சின் வேலைவாய்ப்பு அலுவலகம் தொழில்களை "ரோம்" என்ற அட்டவணையில் வகைப்படுத்தியிருக்கிறது. ஓர் எழுத்து, நான்கு இலக்கம். சமையல் வேலைக்கு ஜி1602. கோப்பை கழுவுதல் ஜி1605. உணவுப்பொருள் விற்பனை டி1106. தட்டுப்பாட்டுப் பட்டியல் இந்த கோட்களைத் தனித்தனியாக அடுக்கவில்லை. தொழில் குடும்பங்களாகச் சொல்கிறது, கோட்கள் அந்தக் குடும்பங்களுக்குள் அடங்கும். உங்கள் வேலை எந்தக் குடும்பத்தில் விழுகிறது என்பதுதான் கேள்வி.

ஒரு சம்பளச் சீட்டை விரித்துப் பாருங்கள். மேலே கடையின் பெயர், அதன் கீழே 5610ஏ என்றொரு எண். பலர் இதைத்தான் தங்கள் கோட் என்று நினைத்துக்கொண்டு சந்தோசப்படுகிறார்கள். அது கடையின் எண். றெஸ்ரோறண்ட் என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம், கணக்கெழுதுகிறவரின் சீட்டிலும் அதே எண்தான் இருக்கும். உங்களுடையது கொஞ்சம் கீழே, "அம்புளுவா" என்ற கட்டத்தில் உள்ள இரண்டு மூன்று சொற்கள். லாச்சப்பல் பக்கத்துக் கடையொன்றின் பின்கட்டில் காலையிலிருந்து ரோல்சும் கொத்துரொட்டியும் போடுகிறவரின் சீட்டில் அந்த இடத்தில் "வோந்தர்", அதாவது விற்பனையாளர் என்று இருந்தால், காகிதத்தில் அவர் சமையல்காரரே இல்லை. கையில் எண்ணெய் தெறித்த தழும்பை, விசா கொடுக்கும் எந்த பிரிபெக்சரும் கோப்பில் சேர்க்காது.

அப்படியென்றால் பட்டியலைப் பார்த்து ஒரு தொழிலைத் தெரிந்து எழுதிவிடலாமா? லாச்சப்பலில் அப்படிப் புத்தி சொல்கிறவர்களுக்குக் குறைவில்லை. முன்பு கேசுக்குக் கதை சொல்லிக்கொடுத்தவர்களின் வாரிசுகள்தான். நான் அதை நம்பவில்லை. முதலாளி ஒவ்வொரு மாதமும் சமூகக் காப்புறுதிக்கு அனுப்பும் அறிக்கையிலேயே உங்கள் தொழிலுக்கு ஒரு கோட் போய்விடுகிறது. வேலை உண்மையா என்று பிரிபெக்சர் எந்த வழியிலும் சரிபார்க்கலாம் என்று சட்டம் சொல்கிறது. எல்லா நிபந்தனையும் பொருந்தினாலும் விசா கொடுத்தே ஆகவேண்டும் என்றும் அதில் இல்லை. சந்தேகம் வந்த கோப்புக்கு என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

செய்யவேண்டியது மறுபக்கம். செய்கிற வேலையைச் சீட்டில் வரவையுங்கள். சமைக்கிறவர் சமையல்காரர் என்று ஒப்பந்தத்தில் திருத்தம் கேட்கலாம். அது சட்டப்படியான காரியம், திருத்திய மாதத்திலிருந்து கணக்குச் சுத்தமாக ஓடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: தஞ்சக் கோரிக்கைப் பத்திரத்தோடு இருந்த காலமும், அப்போது அனுமதியோடு செய்த வேலையும் இந்தக் கணக்கில் சேராது. மாணவர் விசாவில் செய்த வேலையும் அப்படித்தான். மூன்று வருடம் முடிந்துவிட்டது என்று ஓடிப்போகிற பலர் விழுவது இந்தக் குழியில்தான்.

கேஸ் காலத்தில் அதிகாரியை நம்பவைக்க ஒருவனுடைய சொந்தத் துயரமே போதும் என்றாவது இருந்தது. இப்போது அவன் உயிர்தப்பி வந்தவனா என்பது கேள்வியே இல்லை. வெங்காயம் வெட்டுகிறவனா, வெட்டியதை விற்கிறவனா என்பதுதான் கேள்வி. இது முன்னேற்றம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முதலாளியின் கையெழுத்துக்குக் காவலிருந்த காலத்தைவிட இது மேல்.

இந்த வழி 2026 டிசெம்பர் 31 வரைக்குமே என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. இந்த மாதச் சீட்டு வந்ததும் சம்பளத் தொகையைப் பார்க்க முன்னம் அந்த "அம்புளுவா" கட்டத்தைப் பாருங்கள். பிழையாக இருந்தால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடாமல் முதலாளியிடம் எழுத்தில் கேளுங்கள்.