ஐப்பசியில் தெரியும் டயரின் தரம்

உப்பிலியபுரத்தில் நின்று மேற்கே பார்த்தால் கொல்லிமலை, கிழக்கே திரும்பினால் பச்சைமலை. இரண்டுக்கும் நடுவில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு ஒரே நாளில் மூன்று விதச் சாலை வாய்த்துவிடும். காலையில் சோபனபுரம் அடிவாரத்திலிருந்து டாப் செங்காட்டுப்பட்டிக்கு ஏறும் மலைப்பாதை. மதியம் துறையூர், புலிவலம், மண்ணச்சநல்லூர் வழியாகத் திருச்சிக்கு நீளும் தார்ச்சாலை. சாயங்காலம் நெ.1 டோல்கேட், திருவானைக்காவல், காவிரிப் பாலம் என்று நிமிடத்துக்கொரு தரம் பிரேக்கை மிதிக்க வைக்கும் நகர நெரிசல்.

சித்திரை வெயிலில் இந்தச் சவாரி முழுவதையும் விலை குறைந்த டயர் ஒரு குறையும் சொல்லாமல் முடித்துக் கொடுக்கும். ஐப்பசி மழையில் அதே வண்டியை அதே டிரைவர் ஓட்டும்போதுதான் ஸ்டியரிங் திடீரென்று லேசாகும். பிரேக் மிதித்த இடத்துக்கும் வண்டி நிற்கும் இடத்துக்கும் நடுவே எதிர்பாராத தூரம் விழும்.

சின்ன கார் டயர் ஒன்று மூவாயிரம் ரூபாய் அளவிலும் கிடைக்கிறது. அதைப் போல ஒன்றரை மடங்கு விலையிலும் கிடைக்கிறது. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் டிரைவருக்கு அது பெரிய பணம்தான். ஆனால் டயர் கடைகளில் காதில் விழும் கேள்வி எப்போதும் ஒன்றே. “எவ்வளவு கிலோமீட்டர் ஓடும்ணே?” பதிலும் தயாராக இருக்கும்: “அம்பதாயிரம் தைரியமா ஓட்டலாம் தம்பி.” மழையில் எத்தனை அடியில் நிற்கும் என்று வாங்குகிறவர் கேட்பதில்லை, விற்கிறவரும் சொல்வதில்லை. மலிவு டயரின் நல்லதும் கெட்டதும் இந்தக் கேட்கப்படாத கேள்விக்குள்தான் இருக்கின்றன.

வெயிலில் எல்லாம் நல்ல டயரே

காய்ந்த தார்ச்சாலையில் ரப்பர் சாலையின் சொரசொரப்பான முகத்தில் நேராகப் பதிகிறது. டயரில் வெட்டியிருக்கும் காடிகளுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. பந்தயக் கார்கள் காய்ந்த தளத்தில் காடியே இல்லாத வழவழப்பு டயரில் ஓடுவது அதனால்தான். அறுபது, எழுபதில் போகும் குடும்பக் காரில் விலை குறைந்த டயருக்கும் கூடிய டயருக்கும் உள்ள வித்தியாசத்தை வெயிலில் கண்டுபிடிப்பது பழகிய டிரைவருக்கே கஷ்டம். அவர்கள் சொல்லும் குறைகள் வேறு மாதிரியானவை: சத்தம் அதிகம், பள்ளத்தில் விழுந்தால் முதுகில் தெரிகிறது, கொஞ்ச நாளில் ஒரு பக்கமாகத் தேய்கிறது. கடைசிக் குறைக்குப் பல நேரம் டயர் பொறுப்பில்லை. அலைன்மெண்ட் பார்க்காமல் விட்டதே காரணம்.

வெயில் காலத்தில் டயரைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரு தவறான நம்பிக்கை. “வெயில்ல காத்து விரியும், வெடிச்சிடும்” என்று சித்திரை, வைகாசியில் காற்றைக் குறைத்து வைப்பவர்கள் உண்டு. பத்து டிகிரி சூடு ஏறினால் சின்ன கார் டயரில் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடுவது உண்மைதான். அந்த ஏற்றத்தைத் தாங்கும்படியே டயரைச் செய்கிறார்கள். காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. அந்த அசைவிலேயே உள்ளே சூடு ஏறுகிறது. ஐந்து பேரும் டிக்கி நிறைய மூட்டையுமாகத் தேசிய நெடுஞ்சாலையில் நூறைத் தொடும்போது வெடிப்பது அப்படிப்பட்ட டயர்தான். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவை, வண்டி ஓடிச் சூடாகும் முன் பார்த்து அடிப்பது இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும். அதற்குச் செலவு ஏதுமில்லை.

மழை வந்தால்

தமிழ்நாட்டுக்கு ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கிடைக்கிறது. டயரை வாங்குகிறவர் மிச்ச மாதங்களின் அனுபவத்தை வைத்து “நல்லாத்தான் ஓடுது” என்று முடிவு கட்டிவிடுகிறார். சோதனை வருவது இந்த மூன்று மாதத்தில்.

சின்ன கார்களில் சகஜமான 155 மில்லிமீட்டர் அகல டயரை எடுத்துக்கொள்வோம். சாலையில் 3 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது. வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. பெருக்கிப் பார்த்தால் ஒரு சக்கரம் ஒவ்வொரு நொடியும் ஏறக்குறைய பத்து லிட்டர் தண்ணீரைத் தன் வழியிலிருந்து ஒதுக்கித் தள்ள வேண்டும். தள்ள முடியாதபோது டயர் சாலையை விட்டுத் தண்ணீர்ப் படலத்தின் மேல் ஏறிக்கொள்கிறது. அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் இருந்தும் இல்லாதது போலத்தான்.

இந்த ஆபத்தைக் கணக்கில் அடக்கியவர்கள் அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவின் ஆய்வாளர்கள். விமானச் சக்கரங்கள் ஈர ஓடுபாதையில் மிதப்பதை ஆராய்ந்த வால்டர் ஹார்ன் குழுவினர் 1963-இல் ஒரு எளிய சூத்திரத்தை வெளியிட்டார்கள். தண்ணீர் ஆழமாக நின்று, டயரின் காடி அதை வடிக்க முடியாத நிலையில், மிதக்கத் தொடங்கும் வேகத்தை முடிவு செய்வது டயரின் காற்றழுத்தம் என்று அது சொல்கிறது. அதன்படி 33 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் சுமார் 96 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் மிதக்கும். காற்று 24-க்கு இறங்கியிருந்தால் 82-லேயே மிதந்துவிடும். சித்திரையில் குறைத்த காற்றை ஐப்பசியிலும் அப்படியே விட்டு வைப்பவர், பதினான்கு கிலோமீட்டர் பாதுகாப்பைக் கைவிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார்.

தண்ணீர் தேங்காத சாலையிலும் வழுக்கல் உண்டு. பல வாரம் காய்ந்த சாலையில் முதல் தூறல் விழும்போது தூசியும் எண்ணெய்க் கசிவும் குழைந்து மேலே வரும். கொட்டித் தீர்க்கும் மழையைவிட அந்த முதல் பத்து நிமிடமே வழுக்கும். கிராமத்துச் சாலைக்கென்று தனி வழுக்கல்களும் உண்டு. நடவு நேரத்தில் வயலை விட்டு ஏறும் டிராக்டர் உதிர்த்துவிட்டுப் போகும் சேறு ஒன்று. அறுவடை நேரத்தில் களம் இல்லாமல் சாலையிலேயே பரப்பிய தானியமும் தாளும் இன்னொன்று; அதற்கு மழைகூடத் தேவையில்லை.

ரப்பரின் கலவை

விலை வித்தியாசம் எங்கே ஒளிந்திருக்கிறது? பெரும்பங்கு ரப்பர் கலவையில். டயருக்குக் கறுப்பு நிறம் தரும் கார்பன் பிளாக், ரப்பரைத் தேயாமல் உறுதியாக வைத்திருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் மிஷலின் நிறுவனம் அதன் இடத்தில் பெருமளவு சிலிக்காவைச் சேர்த்துக் காட்டியது. ஈரத்தில் பிடிப்பும் கூடியது. உருளும்போது ஏற்படும் சக்தி இழப்பும் குறைந்தது. ஆனால் சிலிக்காவை ரப்பரோடு கலக்கத் தனி ரசாயனம், தனிப் பக்குவம், கூடுதல் நேரம் வேண்டும். அதனால் செலவு ஏறுகிறது.

டயர் செய்கிறவர்களுக்கு ஒரு நிரந்தரத் தலைவலி உண்டு. நீண்ட ஆயுள், ஈரத்தில் பிடிப்பு, எரிபொருள் சிக்கனம் மூன்றையும் ஒரே டயரில் மலிவாகத் தர முடியாது. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். நம் ஊர் வாடிக்கையாளர் கிலோமீட்டர் கேட்கிறார் என்பதால், விலை குறைந்த டயரில் ஆயுளுக்கே முதலிடம். எளிதில் தேயாத கெட்டியான கலவை, ஈரச் சாலையின் நுண்ணிய மேடு பள்ளங்களில் இறங்கிப் பற்றுவதில் பின்தங்கிவிடுகிறது. டயர் பழசாக ஆக, வெயிலில் கிடந்து இன்னும் இறுகுகிறது. காடி ஆழம் மிச்சமிருந்தும் மழையில் வழுக்கும் பழைய டயர்களின் ரகசியம் இதுதான். வாரத்துக்கு ஒரு முறை மட்டும் வெளியே எடுக்கும் சொந்தக் காரில் இந்தச் சிக்கல் அதிகம். டயர் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடும்.

பிடிப்பு வித்தியாசத்துக்கு ஐரோப்பா கொடுத்த அளவுகோல் ஒன்று இருக்கிறது. 2012-இல் அங்கே டயருக்கு லேபிள் கட்டாயமானபோது, ஈரச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பிரேக் பிடித்தால் முதல் தரத்துக்கும் கடைசித் தரத்துக்கும் 18 மீட்டர் வரை வித்தியாசம் வரலாம் என்று விளக்கினார்கள். நான்கு கார்கள் வரிசையாக நிற்கும் நீளம் அது. 2019 முதல் இந்தியக் கார்கள் எல்லாவற்றிலும் ஏ.பி.எஸ். கட்டாயமாகிவிட்டதே என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும். ரப்பரில் இல்லாத பிடிப்பை அது கொண்டுவந்து தராது.

மலிவு என்றால் மட்டமா?

எழுத்துப் புரியாத வெளிநாட்டு மலிவு டயர்கள் தாராளமாக வந்த காலம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. கார் டயருக்கு ஐ.எஸ்.15633 தரநிலைப்படி ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். 2020 ஜூனில் புது டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் மத்திய அரசு சேர்த்தது. ஆகவே இன்று உப்பிலியபுரத்திலோ துறையூரிலோ ஒருவர் வாங்கும் விலை குறைந்த புது டயர், பெரும்பாலும் இந்திய ஆலைகளில் தயாராகும் பெயர் தெரிந்த கம்பெனிகளின் ஆரம்ப ரகம். 1946-இல் சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்.புக்குப் பச்சைமலைக்கு அந்தப் பக்கம், பெரம்பலூர் மாவட்டம் நாரணமங்கலத்திலேயே ஆலை இருக்கிறது. அப்பல்லோவுக்கு ஒரகடத்தில் ஆலை உண்டு.

ஈரப் பிடிப்புக்கும் சட்டம் வந்துவிட்டது. ஏ.ஐ.எஸ்.142 என்ற விதிமுறை உருளும் எதிர்ப்பு, ஈரப் பிடிப்பு, சத்தம் மூன்றுக்கும் எல்லை வகுக்கிறது. புதிதாக வடிவமைக்கும் டயர்களுக்கு 2022 அக்டோபரிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த ரகங்களுக்கு 2023-லும் அது நடைமுறைக்கு வந்தது. ஆக, மலிவு டயரும் ஒரு குறைந்தபட்சப் பரீட்சையில் தேறித்தான் கடைக்கு வருகிறது. ஆனால் அந்தப் பரீட்சையை எழுதுவது புது டயர். முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த டயருக்கு யார் சோதனை வைப்பது?

வண்டிக்காரரின் விரல்தான். டயரின் தோள் பகுதியில் சின்ன முக்கோணக் குறியோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ இருக்கும். அதற்கு நேராகக் காடிக்குள் பார்த்தால் குறுக்கே ஒரு ரப்பர் மேடு தெரியும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர், மத்திய மோட்டார் வாகன விதிகள் காருக்கு அனுமதிக்கும் கடைசி எல்லை. காடிகளுக்கு நடுவே நிற்கும் ரப்பர் பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் டயர் முடிந்தது. ஆனால் புதிதில் ஏழெட்டு மில்லிமீட்டர் இருந்த ஆழம் மூன்றுக்குக் கீழே இறங்கியதுமே தண்ணீரை வடிக்கும் திறன் வேகமாகச் சரியத் தொடங்குகிறது, மழைக்காலத்துக்கு 1.6 வரை காத்திருப்பது வீண் துணிச்சல். அடுத்து உள்ளங்கையைப் பட்டன்கள் மீது குறுக்காகத் தேய்க்க வேண்டும். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் திரும்பி வரும்போது ரம்பப் பல் போலவும் உரசினால் அலைன்மெண்ட் போயிருக்கிறது. பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது. 79எஸ் என்றிருந்தால் ஒரு டயர் 437 கிலோ வரை தாங்கும், 180 கிலோமீட்டர் வேகம் வரை பொறுக்கும் என்று பொருள்.

உண்மையில் பயப்பட வேண்டியது பாதி விலையில் கிடைக்கும் பழைய டயருக்குத்தான். கறுப்புப் பாலிஷ் பூசி, தேய்ந்த காடியைச் சூட்டுக் கத்தியால் ஆழமாக வெட்டிப் புதுசு போலக் காட்டுவது நடக்கிறது. காடியை மறுபடி வெட்டலாம் என்று முத்திரையிட்ட லாரி டயர்களில் அதற்கென்றே கூடுதல் ரப்பர் வைத்திருப்பார்கள். கார் டயரில் அப்படி எதுவும் கிடையாது. வெட்டினால் உள்ளே இருக்கும் கம்பி வலைக்கு அருகில் கத்தி போய்விடும். இத்தகைய டயரோடு ஒப்பிட்டால், விலை குறைந்த புது டயர் எவ்வளவோ மேல். கட்டையாகத் தேய்ந்த விலை உயர்ந்த டயரோடு ஒப்பிட்டாலும் மழையில் அதே முடிவுதான்.

பணம் போதாமல் இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறவர்கள் புதுசை முன்னால் போடச் சொல்வது வழக்கம். இழுப்பதும் திருப்புவதும் முன் சக்கரம்தானே என்பது நியாயம். டயர் கம்பெனிகளின் பரிந்துரையோ நேர் எதிர். முன் சக்கரம் வழுக்கினால் டிரைவருக்குக் கையில் தெரியும், காலை எடுத்தால் ஓரளவு கட்டுக்குள் வரும். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுழலும். அதனால் ஆழமான காடி உள்ள ஜோடி பின்னால் இருக்க வேண்டும்.

இன்னொரு வழக்கத்தையும் மாற்றலாம். டூரிஸ்ட் வண்டிகளுக்கு எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றிதழ் தேதி நெருங்கும்போதுதான் டயர் நினைவு வரும். அது தை மாதமாகவும் இருக்கலாம், பங்குனியாகவும் இருக்கலாம். வண்டிக்கு உச்ச சவாரி கிடைப்பதோ கார்த்திகை, மார்கழியில்: சபரிமலைக்கு மாலை போட்டவர்கள், வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் போகிறவர்கள். முழு பாரம், இரவு ஓட்டம், ஈரச் சாலை மூன்றும் ஒன்றுசேரும் மாதங்கள் அவை. டயர் செலவை ஆவணி, புரட்டாசிக்கு நகர்த்தினால் ஆழமான காடியோடு பருவமழையைச் சந்திக்கலாம். தேய்மானத்தின் கடைசி ஆயிரங்களை அடுத்த கோடையில் ஓட்டிக் கழித்துக்கொள்ளலாம். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததில், வரிக்கு முன் மூவாயிரம் ரூபாய் மதிப்புள்ள டயருக்கு முந்நூறு ரூபாய் மிச்சம். நான்குக்கும் சேர்த்தால் ஆயிரத்து இருநூறு. அலைன்மெண்டும் பேலன்சிங்கும் பார்க்க அந்தப் பணம் கைகொடுக்கும்.